எப்பிங் காட்டுச் சுற்றில் கடைசித் தடவை

எப்பிங் காட்டுக்குள் சைக்கிள் ஓட்ட ஒரு சுலபமான சுற்று இருக்கிறது. சிங்ஃபோர்ட் பக்கத்தில் கார் நிறுத்தும் இடத்தில் தொடங்கி, பீச் மரங்களுக்கிடையே வளைந்து, ஒரு குளத்தைத் தொட்டுவிட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். பெரிய ஏற்றம் கிடையாது. சின்னப் பிள்ளைகளும் ஓட்டுவார்கள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, காட்டிலிருந்து அதிக தூரமில்லாத எங்கள் எட்மண்டன் வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல், தடித்த டயர் வைத்த இரண்டு சைக்கிள்களை வாங்கினோம். அதன்பின் என் கணவரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான்.

அவர் பஸ் ஓட்டுநர். இரண்டு தட்டு பஸ்ஸை, இரு பக்கமும் கார்கள் நிற்கிற ஒடுங்கிய தெருவுக்குள் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோவார். காட்டுக்குள்ளும் அவர்தான் முன்னுக்கு. நான் சேற்றுக்குப் பயந்து பின்னால் ஊர்ந்து வருவேன். வளைவில் காத்து நின்று, "என்ன, நித்திரையே?" என்று கேட்பார்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்தபோது பாதிப் பார்வை போய்விட்டிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. நேரே பார்த்தால் தெரியும். இரு பக்கமும்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போயிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டர். லைசென்ஸ் போயிற்று. அதோடு வேலையும். சீருடையைத் தோய்த்து, அழுத்தி, மடித்து, தானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் மாதக்கணக்காக முன் அறையில் இருந்தார். டிவியை நேராகப் பார்த்தபடி இருப்பார். நான் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்தால் தெரியாது, ஆறிப்போய்க் கிடக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை திடீரென்று, "காட்டுக்குப் போவமே?" என்றார்.

"சைக்கிளிலையோ? வேண்டாமப்பா."

"றோட்டிலை எண்டால் வேண்டாம். அங்கை என்ன, காரே வருது? நீர் முன்னுக்குப் போம். நான் உம்மடை சிவப்பு ஜாக்கெட்டைப் பாத்துக்கொண்டு பின்னாலை வாறன்."

மாதங்களுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் விஷயம் அது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெயில் இருந்த இடங்களில் நன்றாகவே வந்தார். நான் முன்னால் போய்க்கொண்டே கத்தினேன்: "வேர்!" "இடப்பக்கம் சேறு!" "நாய் ஒண்டு வருது!" ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து "ஓம்... ஓம்" என்று குரல் வந்தது. ஒரு இடத்தில் அவர் சிரிப்பதும் கேட்டது.

பிறகு மரங்கள் நெருங்கின. வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுகிற இடம். பின்னாலிருந்த "ஓம்" தாமதமாக வரத் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, இறங்கி நடப்பமே?"

"இல்லை, தெரியுது. நீர் போம்."

எதிரே ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், பெடல் இல்லாத குட்டி சைக்கிளைக் காலால் உந்தியபடி ஒரு பெண்குழந்தை. நான் ஒதுங்கினேன். "பிள்ளை! பிள்ளை வருது!" என்று கத்தினேன். எந்தப் பக்கம் என்று சொல்ல மறந்துவிட்டேனா, சொல்லியும் அவர் காதில் விழவில்லையா, தெரியாது. பிரேக் பிடித்துச் சறுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால், அவர் முட்புதருக்குள் கிடந்தார். சைக்கிள் அவருக்கு மேல். குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் விறைத்து நின்றது. அதன்மேல் எதுவும் படவில்லை.

தகப்பன் ஓடிவந்து குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, "உனக்கென்ன, கண் குருடா?" என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

அவர் முட்களுக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, மெல்ல முகத்தைத் திருப்பி, அந்த மனிதனைக் கண்டுபிடித்தார்.

"யெஸ்," என்றார். பிறகு, "சாரி."

வீட்டில் நாங்கள் 'குருடு' என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. 'பார்வை கொஞ்சம் குறைவு' என்போம், 'கண் பிரச்சினை' என்போம். அவர் அதை முதன்முதலாக ஒப்புக்கொண்டது ஒரு அந்நியனிடம், சேற்றில் கிடந்தபடி.

அந்த மனிதனின் முகம் மாறிவிட்டது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, இவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். உதவி வேண்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் கோபத்தோடே போயிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அவர்கள் போன பிறகு, கன்னத்தில் இரத்தத்தோடு கேட்டார்: "பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே? வடிவாப் பாத்தனீரே?"

"இல்லையப்பா. ஒண்டும் படேல்லை."

"எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியவே இல்லை. நீர் கத்தினதாலை பிரேக்கைப் பிடிச்சன். அவ்வளவுதான்."

சுற்றில் ஏறத்தாழப் பாதித் தூரத்தில் நின்றோம். முன்னால் போனாலும் திரும்பிப் போனாலும் ஒரே நடை. அவருடைய சைக்கிளை ஒரு மரத்தோடு பூட்டினேன். என் சைக்கிளை நான் தள்ள, அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், காய்ந்த இலைகளுக்குள் ஒவ்வொரு காலாகத் தேடி வைத்து நடந்தார். குதிரையில் வந்த ஒரு பெண் எங்களுக்கு வணக்கம் சொன்னாள். நான் மட்டும் பதில் சொன்னேன்.

அவரைக் காரில் இருத்திவிட்டு, சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனேன். மரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதேன். யாரும் வரவில்லை.

இரவு மகள் போனில், "அப்பா, ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள் இருக்கு. அம்மா முன்னுக்கு, நீங்கள் பின்னுக்கு" என்றாள்.

"பின்னாலை இருந்து மிதிக்க என்னாலை ஏலாது, பிள்ளை," என்றார். கோபமில்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சைக்கிள்கள் இரண்டையும் தெருக்கோடியில் இருந்த பையன்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டேன்.

இந்த வருடம் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்திருக்க வேண்டும். ஆங்காங்கே சின்ன வெளிச்சம் மினுங்கும். காணும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் சுவரோரமாக ஒரு கதிரையில் இருந்தேன். எனக்கு வெளிச்சம் எதுவும் தெரியாது, பொத்தானின் சத்தம் மட்டும் கேட்கும். முதல் வருடம் அது விடாமல் கேட்டது. இந்தமுறை ஒன்று கேட்டது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு மற்றக் கண்ணுக்கு மாற்றினார்கள். மெஷினின் இரைச்சல் மட்டும்.

"துடங்கிட்டுதோ?" என்று கேட்டார், கிண்ணத்துக்குள்ளிருந்து.