தீயணைப்பு நிலையத்துக் களம்

பாபநாசத்தில் தீயணைப்பு நிலையம் கட்ட எங்கள் தஞ்சாவூர் அலுவலகத்தில் இரண்டு பிளான் தயாராயின. ஒன்று என்னுடையது. தூண் வைத்த முகப்பு. மந்திரி ரிப்பன் வெட்டினால் போட்டோவில் எடுப்பாக இருக்கும். இன்னொன்று பக்கத்து மேஜைக்காரருடையது. கூரையில் விழும் மழை தொட்டிக்குப் போகும், வெள்ளம் வந்தால் மாடியில் ஜனங்கள் தங்கலாம். அவர் எதை வரைந்தாலும் பெரிய இன்ஜினியர் தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூட்டத்தில் அவர் பிளானில் ஓட்டை கண்டுபிடித்தேன். வண்டி வெளியே வரும் வழி முழுக்க சிமெண்டுத் தரை. நம் பக்கத்து ஆட்கள் அதைக் கண்டால் நெல் காயப்போடாமல் விடுவார்களா? "அறுப்பு நேரத்துல வண்டி எப்படி சார் வெளிய வரும்? பேசாம பின்னாடி ஒரு களமும் கட்டிக் குடுத்துடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் முன்பக்கம் சரளை, பின்பக்கம் சிமெண்டுக் களம் என்று மாற்றி வரைந்து வந்தார். அதையே கட்டினார்கள். என் தூண்கள் பீரோவுக்குள் போயின.

என் மாமனாரின் நிலம் அங்கேதான். அவருக்கும் குத்தகைக்காரருக்கும் கோர்ட்டில் வழக்கு, முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். ஆனால் அந்தக் களத்தில் இருவர் நெல்லும் அடுத்தடுத்துக் காய்ந்தது, நடுவில் எல்லையாக ஒரு வைக்கோல் பிரி.

தை மாதம் ஒரு மத்தியானம் மாமனாரின் வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஊர் நெல்லெல்லாம் பின்னால் களத்தில் கிடந்ததால் வண்டி முன்பக்கமாகத் தடையில்லாமல் கிளம்பி வந்தது. போர் போனது, வீடும் மாட்டுக் கொட்டகையும் பிழைத்தன.

மாமனார் நிலையத்தை வரைந்த பக்கத்து மேஜைக்காரரை விருந்துக்கு அழைத்தார். அந்த வீட்டுப் பந்தியில் முதல் இலை எப்போதும் எனக்குத்தான், மாப்பிள்ளை முறை. அன்று அதில் அவரை உட்காரவைத்தார். நான் இரண்டாவது இலையில் உட்கார்ந்து, அவர் சோற்றில் ஒரு கல்லாவது கிடக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஐயா, களம் கட்டணும்னு சொன்னதே உங்க மாப்பிள்ளைதாங்க. நான் வரைஞ்சதோட சரி."

நான் அதைக் கேலியாகச் சொன்னேன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"நீங்க சொல்லவே இல்லையே மாப்பிள்ளை" என்று மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக, கையைப் பிடித்து என்னை முதல் இலைக்கு மாற்றினார். எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். கட்டடம் அவருடையது, இப்போது இந்த இலையும் அவர் கொடுத்தது.

பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்தேன். பக்கத்து இலையில் அவர் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.