எல்லா அப்பாவுக்கும் ஒரே கோட்டு

ஈப்போவில் ஓர் அச்சகத்தில் கணினியில் அட்டைகள் வடிவமைக்கும் அக்கா அவர். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. இறந்தவரின் படம் திரையில் வந்தால், அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் மவுஸைத் தொடுவார்.

அப்பாவின் கருமக்கிரியை அட்டைக்காக அண்ணனும் நானும் போயிருந்தோம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, அந்த மரங்களை அழித்து எண்ணெய்ப்பனை நட்ட பிறகு வெயிலில் செம்பனைக் குலை வெட்டியவர் அப்பா. ஐசி என்கிற அடையாள அட்டையின் படத்தைத் தவிர அவருக்கு வேறு படமே இல்லை.

"கோட்டு போட்டுடுங்க அக்கா" என்றான் அண்ணன்.

"கோச்சிக்காதீங்க ஐயா" என்று திரையிடம் சொல்லிவிட்டு அக்கா ஒரு கிளிக் செய்தார். அப்பா கோட்டும் டையுமாக ஆனார்.

"இந்த சாப்ட்வேர்ல எனக்குப் புடிச்சதே இதான் லா. தனியா வாங்கிச் சேத்தேன். எல்லா அப்பாவுக்கும் ஒரே கோட்டு. அளவே எடுக்க வேணாம்."

அண்ணன் விடவில்லை. "ரொம்பக் கறுப்பா தெரியறாரு. கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமா?"

"அதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன் தம்பி. பெத்த பிள்ளைங்க எல்லாரும் கேக்கறதுதானே."

அண்ணன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

அதே படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டினோம். வெளுத்த முகம் யாரோ ஒரு வங்கி மேலாளருடையது. காலருக்கு மேல் ஒரு விரல் அகலத்துக்குக் கழுத்து மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அக்காவுக்குக் கை தவறியதா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியவில்லை.

அண்ணன் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. விளக்கேற்றும்போது நான் அந்தக் கழுத்தைத்தான் கும்பிடுகிறேன்.