வெள்ளைக் காரின் நெற்றி

ரோஸ் நிறத்தில் ஒரு நுரை உண்டு. பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்த வாளியில் குங்குமம் கலந்தால் வரும். எலுமிச்சை வாசமும் கோயில் வாசமும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு மூக்கில் ஏறும். கிள்ளானில் நாங்கள் குடியிருந்த தாமான் வீட்டு வரிசையில், சனிக்கிழமை காலைகளில், பழைய பல் பிரஷும் கையுமாக அந்த நுரைக்குள் முழங்கால் நனைய உட்கார்ந்திருந்த பையன் நான்தான்.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளை ஜப்பான் கார்தான் எங்கள் வீட்டின் ஒரே ஆடம்பரம். அதன் பானெட் முனையில் வட்டமாக ஒரு சின்னம் ஒட்டியிருந்தது. ஊருக்கு அது 'லோகோ'; அம்மாவுக்கு 'வண்டியோட நெத்தி'. வெள்ளிக்கிழமை மாலை சாமிக்கு விளக்கேற்றிய கையோடு வெளியே வந்து, அந்தச் சின்னத்தின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் மோதிர விரலால் குங்குமத்தை அழுத்துவார். தலைவலிக்காரனுக்குத் தைலம் தேய்ப்பது போன்ற அழுத்தல் அது. அப்பாவின் வேகத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் நேராக வண்டியிடமே சொல்லி வைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் அந்தக் குங்குமத்தை எடுப்பது என் வேலை. சின்னத்தின் மேடு பள்ளங்களில் புகுந்து காய்ந்திருக்கும். விட்டால் வெள்ளைப் பெயிண்டில் கறை பிடித்துவிடும். "சுத்தித் தேயிடா, அது மேல அழுத்தாத. அது கழண்டுச்சின்னா வண்டிக்கு மூஞ்சி இல்ல லா" என்பது அப்பாவின் வாராந்தர எச்சரிக்கை. ஒருவர் வெள்ளிக்கிழமை வைப்பார், ஒருவன் சனிக்கிழமை எடுப்பான். இந்த ஏற்பாடு நான் பெரியவனாகி மீசை வைத்த பிறகும் நடக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல் பொட்டு வைத்தார். மறுநாள் விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். படுக்க வைக்க இடம் வேண்டுமென்று பக்கத்து வீட்டு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அம்மா திரும்பி நடந்து வரவில்லை.

அதற்குப் பிறகு கார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. லீவு முடிந்து அப்பா வேலைக்குப் போனபோதும் நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தே போனார். சாரல் அடித்தால் ஓடி வந்து, காரின் முன்பக்கத்தைப் பழைய லோரி கேன்வாஸால் மூடினார். சாயங்காலங்களில் பானெட் முன்னால் சற்று நேரம் நிற்பார். பேட்டரி தண்ணீர் பார்க்கிறார் என்று நினைத்தேன். பானெட்டைத் திறக்காமல் அதை எப்படிப் பார்ப்பார் என்று யோசிக்க எனக்கு அப்போது மூளை இல்லை. இப்போதும் அது பகுதி நேரம்தான் வேலை பார்க்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், சுங்கை பூலோவிலிருந்து வந்திருந்த அத்தை, "வண்டியப் பாருடா, ஒட்டட புடிச்சிப் போயி நிக்குது. நாளைக்கு சொந்தக்காரங்க வந்தா என்ன நெனப்பாங்க? போயி கழுவு" என்றார். எல்லாரும் அழுதுகொண்டிருந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்ததே என்று குதித்துக்கொண்டு போனேன். அன்றுபோல் நான் என்றுமே தேய்த்ததில்லை. காய்ந்து கறுத்த குங்குமத்தை பிரஷ், தீக்குச்சி, நகம் என்று எல்லா ஆயுதங்களாலும் ஒரு பொட்டு விடாமல் எடுத்தேன். சின்னம் பளபளத்தது. அப்பா மெச்சுவார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

அப்பா வந்தார், பார்த்தார். "அதையுமா எடுத்துட்ட?" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் அழுது முடித்திருப்பேன்.

எதை எடுத்தேன் என்பது அரை நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. பிறகு வந்தது பாருங்கள் ஒரு பீதி! அம்மா கடைசியாக வைத்த பொட்டு வாளியில் ரோஸ் நுரையாக மிதந்துகொண்டிருந்தது. நுரையை அள்ளி அள்ளிச் சின்னத்தில் அப்பினேன். வழுக்கிக்கொண்டு போனது. துக்கத்துக்காகத் திரை போட்டிருந்த சாமி மேடைக்குள் நுழைந்து, குங்குமச் சிமிழைத் தூக்கி வந்து, தண்ணீரில் குழைத்து, அம்மாவைப்போலவே மோதிர விரலால் அழுத்தினேன். அது நிற்கவில்லை. வெள்ளை பானெட்டிலிருந்து நம்பர் பிளேட் வரைக்கும் ஒழுகியது. வெளியே வந்த அத்தை, "ஐயோ, வண்டி யார இடிச்சிச்சி?" என்று அலறினார். அப்பா தன் சட்டையைக் கழற்றி மெல்லத் துடைத்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து காரை அவரே கழுவினார். வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பொட்டு வைக்க யாருமில்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலேயே, போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

கார் ஓடாமல் நின்று வெகுகாலமாகிவிட்டது. போன மாதம் பழைய இரும்புக்கு அதை எடுத்துப்போக, கிள்ளான் வீட்டுக்கு லோரியோடு குணா என்பவர் வந்தார். சின்னத்தை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்றேன். இணையத்தில் நான்கு வீடியோ பார்த்துத் தேறியிருந்ததால், நான் இப்போது குடியிருக்கும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து மனைவியின் ஹேர் டிரையரும் தூண்டில் நூலும் கொண்டுபோயிருந்தேன். சூடு காட்டி, பசை இளகியதும் பின்னால் நூலைவிட்டு அறுக்க வேண்டும். பெயிண்டில் கீறல் விழுந்துவிடுமோ என்று நூலை அங்குலம் அங்குலமாக இழுத்தேன்.

"அண்ணே, சாயங்காலம் இத அப்பளமா அமுக்கப் போறாங்க. கீறல் விழுந்தா யாரு கேக்கப் போறா லா?" என்றார் குணா.

நூல் மறுபக்கம் வந்தது. சின்னம் கையில் விழுந்தது. அதைத் திருப்பினேன். பின்புறத்தில், கீழ் விளிம்பு ஓரமாக, வருடக்கணக்கான வெள்ளிக்கிழமைகள் கசிந்து இறங்கி, பசையோடு பசையாகக் கெட்டித்துப்போன சிவப்பு. என் பிரஷும் தீக்குச்சியும் நகமும் போகாத இடத்தில் அது இத்தனை காலம் இருந்திருக்கிறது.

குணா பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியோடு கையை நீட்டினார். "அழுக்கா இருக்குண்ணே, குடுங்க, ஒரே தொட தொடச்சித் தரேன்."

"கை வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். குணா இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். "சரிண்ணே, சரிண்ணே. தங்கமா இருந்தாலும் எனக்கு வேணாம்."

'முழுசா எடுக்கலப்பா, இங்க பாருங்க' என்று காட்ட அப்பா இல்லை. அத்தனை சனிக்கிழமைகளிலும் அவர் துணி போட்டுத் துடைத்தது இதற்கு மேலேதான்.

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. கார் இருந்த தடம் எங்கும் இல்லை. சின்னம் என் மேசை இழுப்பறையில், குப்புறக் கவிழ்த்து வைத்தபடி. என் காரை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கார்வாஷில் விடுகிறேன். "காப்பி குடிச்சிட்டு வாங்க பாஸ், முடிஞ்சிரும்" என்கிறார்கள். நான் போவதில்லை. பானெட்டிலிருந்து நுரை வழிந்து சாக்கடைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.