மூன்று மணி நேரம் உருகாத பனி

பத்மா எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அவளோடு ஐந்து நிமிடம் பேசிய யாருக்கும் அது தெரியாமல் போனதும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் ‘கெமிக்கல் இல்லாத வெல்லம்’ என்று ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்: “தண்ணியே கெமிக்கல்தான் சார்.” குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் எலுமிச்சையையும் மஞ்சளையும் வைத்து யாராவது மருத்துவம் சொன்னால், மூன்று நிமிடத்தில் பத்மாவின் மறுப்பு வந்து விழும். அதனாலேயே அவள் இல்லாத இன்னொரு குழுவும் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

துபாய்க்கு வந்து பத்தொன்பது வருடம். வந்தபோது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவிலேயே ‘இல்லத்தரசி, வேலை பார்க்க அனுமதி இல்லை’ என்று அச்சடித்திருந்தார்கள். வீட்டில் பார்க்கிற வேலையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திருச்சியில் கல்லூரி ஆய்வகத்தில் உரிமையோடு குடுவைகளை உடைத்துக்கொண்டிருந்தவள், இங்கே பதினைந்து வருடம் சமையலறையில் சோடா உப்பை மட்டும் அளந்துகொண்டிருந்தாள். பிறகுதான் அந்தத் தோட்டம் வந்தது.

குடியிருப்பின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்தாற்போல், இருபத்துநான்கு பாத்திகள். ஆறடிக்குப் பன்னிரண்டடி. வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குத்தகைக் காகிதம் கணவர் பெயரில்தான் போடுவார்கள். அதனால் பத்மாவின் பாத்தியில் குத்தியிருந்த பலகையில் ‘மிஸ்டர் பாஸ்கர்’ என்றிருந்தது. மிஸ்டர் பாஸ்கர் நான்கு வருடத்தில் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்திருக்கிறார். ஒரு முறை கார் சாவியைத் தேடி.

இந்த ஊரில் குளிர்காலம்தான் வெள்ளாமைக் காலம். அக்டோபரில் விதைத்தால் மார்ச்சு வரைக்கும்தான். அதற்கப்புறம் வெயில் எல்லாவற்றையும் தின்றுவிடும். முதல் வருடம் பத்மாவின் பாத்தியில் இருந்தது வெறும் மணல். அதைச் சலித்து, ஆட்டுப் புழுக்கை போட்டு, நான்கு வீட்டுத் தேயிலைச் சக்கையையும் காய்த் தோலையும் வாங்கி மக்க வைத்து, நான்கு வருடத்தில் அதை மண்ணாக்கியிருந்தாள். கைப்பிடி அள்ளினால் கருப்பாக உதிரும். அந்த டிசம்பரில் கத்திரி, தக்காளி, அவரை, வெந்தயக்கீரை எல்லாம் கொழுகொழுவென்று நின்றன. பக்கத்துப் பாத்தி ரம்ஸியாவுடையது. காயல்பட்டினத்துப் பெண். அவள் கணவர் கலீலுர் ரஹ்மானும் பாஸ்கரும் அல் கூஸ் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி. ரெண்டு பெண்களும் விதையையும் வீட்டு வம்பையும் வேலி மேலாக மாற்றிக்கொள்வார்கள்.

பாஸ்கர் கம்பெனியில் கொள்முதல் மேனேஜர். அவருடைய மதம் மூன்று கொட்டேஷன். எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்பார், குறைந்த விலை சொன்னவனுக்குக் கொடுப்பார். வீட்டிலும் அப்படியே. மகள் பிறந்தபோது பெயர் வைக்க மூன்று ஜோசியர்களைக் கேட்டு, குறைவான தட்சிணை வாங்குகிறவர் சொன்ன எழுத்தில் ‘மஹதி’ என்று வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை பெண்களைப் பார்த்தார் என்று பத்மா கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

இப்போது அவருடைய தலைக்கே கொட்டேஷன் வந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து ஊல்ரிக் என்று ஒரு புதிய முதலாளி வந்து, இரண்டு மேனேஜர் எதற்கு, ஒருவர் போதும் என்றுவிட்டார். பாஸ்கரா, கலீலுர் ரஹ்மானா? யாருக்கு வேலை போனாலும் விசாவும் போகும், வீடும் போகும். மஹதிக்கு பிப்ரவரியில் பிளஸ் டூ பரீட்சை. பாஸ்கர் ராத்திரி தூங்குவதில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது ஊல்ரிக் தன் போனில் ஒரு படம் காட்டினாராம். ஊரில் வாடகைக்கு எடுத்திருக்கிற காய்கறிப் பாத்தி, மேலே முழங்கால் அளவு பனி. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நிற்பாராம். அதைத்தான் இங்கே தவறவிடுகிறேன் என்றாராம். உடனே பாஸ்கர், தனக்கும் ஒரு பாத்தி இருக்கிறது, நான்கு வருடமாகத் தன் கையாலேயே விவசாயம் என்று சொல்லிவைத்தார். அவர், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

“பத்மா, பனி போட்டுடலாம்” என்றார் பாஸ்கர், வீட்டுக்குள் நுழையும்போதே.

“எதுல?”

“நம்ம தோட்டத்துல. அவரு பார்த்தார்னா அப்படியே உருகிடுவாரு.”

“டிசம்பர்ல இருபத்தாறு டிகிரி அடிக்குது. அவரு உருகறதுக்கு முன்னாடி பனி உருகிடும்.”

“ஷூட்டிங்குக்கெல்லாம் போடறாங்கல்ல? ஆளுங்க இருக்காங்க. நான் கேட்டுக்கறேன்.”

பத்மாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனாலும் மஹதி அறையில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். “சோப்பு நுரைன்னா சரி. தண்ணி விட்டுக் கழுவிடலாம். வேற எதையும் செடி மேல போடக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள்.

“நுரைதான், நுரைதான்” என்றார் பாஸ்கர்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நுரை என்றுதான் நினைத்திருந்தார். அப்புறம் அலுவலகத்துக்குப் போய், பழக்கதோஷத்தில் முறைப்படி ஒரு விலை கேட்புத் தாள் தயாரித்தார். நிறம்: வெள்ளை. பரப்பு: எழுபத்திரண்டு சதுர அடி. கனம்: இரண்டு அங்குலம். வெயிலில் குறைந்தது மூன்று மணி நேரம் உருகக் கூடாது. மூன்று பேருக்கு அனுப்பினார். ஒருவன் ஐஸ் அரைக்கிற லாரி கொண்டுவருகிறேன் என்றான். இன்னொருவன் நுரை, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுப்பில்லை என்றான். மூன்றாமவன் ஒரு தூள் இருக்கிறது, மூன்று மணி நேரம் என்ன, மூன்று மாதம் ஆனாலும் உருகாது என்றான். விலையும் அவனுடையதே குறைவு. செடி சாகக் கூடாது என்று தாளில் ஒரு வரி சேர்க்க பாஸ்கருக்குத் தோன்றவில்லை. இருபது வருட அனுபவத்தில் அவர் வாங்கிய எதற்கும் உயிர் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்மா பர் துபாய் கோயிலுக்குப் போய், மகளுக்கும் புருஷனுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு, மீனா பஜாரில் வாழை இலை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குத் திரும்பினாள். இலைக்கட்டோடு நேரே தோட்டத்துக்குப் போனாள். இருபத்துமூன்று பாத்திகள் பச்சையாக இருந்தன. ஒன்று வெள்ளை வெளேரென்று இருந்தது. கத்திரி இலைகளின் மேலே, தக்காளிக் காம்பில், அவரைப் பந்தலில், எங்கும். ஓரத்தில் காலிச் சாக்குகள். சாக்கை மடித்துக்கொண்டிருந்தவர் கார்மேகம், ராமநாதபுரத்துக்காரர், தூள்காரன் அனுப்பிய கூலியாள். பத்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அம்மா, நான் சொன்னேம்மா. நான் உப்பளத்துல வேலை பார்த்தவன். இது உப்பும்மா, செடி கருகிப் போயிரும்னு சார்ட்ட சொன்னேன். ‘கலாஸ், பேச்சு போதும், போடு’ன்னுட்டாரு.”

பத்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். வைக்காமலே தெரியும். சோடியம் குளோரைடு. ஈரமண்ணில் இறங்கினால் வேர் உறிஞ்சுவதற்குப் பதிலாக வேரிலிருந்தே தண்ணீரை இழுத்துவிடும். மேலாக இருப்பதை உடனே வழித்து எடுத்தால் பாதியாவது பிழைக்கும். அவள் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தபோது பின்னாலிருந்து பாஸ்கரின் குரல் கேட்டது.

“கையை வைக்காத! வந்துட்டாரு, வந்துட்டாரு!”

பாஸ்கர் ஊட்டியில் வாங்கிய கம்பளிக் குல்லாயும் மஃப்ளரும் போட்டிருந்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. பக்கத்தில் ஊல்ரிக் அரைக்கால் சட்டையும் செருப்புமாக வந்தார். பாத்தியைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். ஒரு நிமிடம் அவர் முகம் சின்னப் பையனுடையது மாதிரி ஆகிவிட்டதைப் பத்மா பார்த்தாள்.

“பனி விழுந்தபிறகு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது” என்றார் அவர் ஆங்கிலத்தில், மெதுவாக. “ஆனால் அடியில் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். அதற்காகத்தான் போய் நிற்பேன்.”

பிறகு குனிந்து கொஞ்சம் எடுத்தார். விரலில் தேய்த்தார். நாக்கில் வைத்தார். பாஸ்கரைத் திரும்பிப் பார்த்தார்.

“இது உப்பு.”

“யெஸ் சார். மூன்று கொட்டேஷன் வாங்கினேன். இதுதான் குறைவு.”

“இந்தச் செடிகள் உங்களுடையவையா?”

“நான்கு வருட உழைப்பு சார். என் சொந்தக் கை.” பாஸ்கர் அந்தக் கையைத் தூக்கியும் காட்டினார். “உங்களுக்காக சார்.”

ஊல்ரிக் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் பத்மாவைப் பார்த்து, “உங்களுக்கு இதில் சம்மதமா?” என்றார்.

வெல்லப் பொட்டலத்துக்காக முன்பின் தெரியாதவனோடு சண்டைபோட்ட பத்மா. இது என் தோட்டம், இவர் மண்வெட்டியைத் தொட்டதில்லை, என்னைக் கேட்காமல் கொட்டினார் என்று சொல்ல ஆங்கிலத்தில் பத்து வார்த்தை போதும். பாஸ்கர் குல்லாய்க்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மஹதியின் பரீட்சை, வீடு, விசா எல்லாம் இருந்தன. பத்மா வாழை இலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“லஞ்ச் ரெடி” என்றாள்.

போவதற்கு முன் கார்மேகத்தின் கையில் போனைக் கொடுத்து மூவரும் பாத்தி முன்னால் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னார் பாஸ்கர். அதைக் குடியிருப்புக் குழுவில் போட்டு, ‘துபாயில் பனி!’ என்று எழுதினார். ஐம்பத்தெட்டு பேர் கைதட்டினார்கள். சாப்பிட்டு முடித்து ஊல்ரிக் கிளம்பி, பத்மா தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது மணி மூன்று. சொட்டுநீர்க் குழாய் தன் நேரத்துக்குத் தானாகத் திறந்து, உப்பை எல்லாம் கரைத்து உள்ளே இறக்கியிருந்தது.

திங்கட்கிழமை பாஸ்கர் அரைக் கிலோ பாதுஷாவோடு வந்தார். வேலை நிலைத்துவிட்டது, சம்பளமும் கூடியது.

“என்ன சொன்னாரு தெரியுமா? அடுத்த ஆறு மாசத்துல நூத்திருபது பேரைக் குறைக்கணுமாம். கலீல்னா ஒவ்வொருத்தருக்கும் யோசிப்பாராம். ‘சொந்தத் தோட்டத்துலயே யோசிக்காம உப்பைக் கொட்டினீங்க, இந்த வேலைக்கு நீங்கதான்’னு சொல்லிட்டாரு” என்றார்.

அது பாராட்டு என்றே அவர் நினைத்தார். இன்று வரைக்கும் அப்படித்தான் நினைக்கிறார். பத்மாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இந்த மனிதரை அவளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும், அதனால் அவர் மேல் புதிதாகக் கோபப்பட ஒன்றுமில்லை. சுட்டது தன்னை நினைத்துத்தான். பாதுஷாவை டப்பாவில் போட்டு மூடினாள்.

ஒரு வாரத்தில் கத்திரி இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பாகிச் சுருண்டன. பந்தலில் அவரை அப்படியே காய்ந்து தொங்கியது. பத்மா தினமும் காலையில் போய் மண்ணை வாளிவாளியாக அள்ளி வெளியே கொட்டினாள். நான்கு வருடம் சேர்த்ததை அள்ளிப் போட பதினோரு நாள் ஆனது. அடியில் பழைய மணல் வந்துவிட்டது.

ஜனவரிக் கடைசியில் ரம்ஸியா வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“வியாழக்கிழமை டிக்கெட் போட்டிருக்குக்கா. சின்னவளை ஊர் ஸ்கூல்ல சேக்கணும். வருஷ நடுவுல எடுக்க மாட்டேங்குறாங்க, ஊர்ல எங்க மச்சான் யார் யாரையோ பார்த்துப் பேசிட்டிருக்காங்க.”

பத்மா தலையாட்டினாள்.

“பில்டிங் ஆபீஸ்ல சொல்லிட்டேன். என் பாத்தியை நீங்களே பாத்துக்கிடுங்க. மார்ச்சு வரைக்கும் காய்க்கும். வீணாப் போவானேன்.”

“ரம்ஸியா…”

“குரூப்புல போட்டோ பார்த்தேன்க்கா. நீங்களும் நிக்கிறீங்க, வாழை இலையோட.” ரம்ஸியாவின் குரல் உயரவில்லை. “இது என் தோட்டம், இவருது இல்லைன்னு ஒரு வார்த்தை அந்தாளுட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

பத்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. மஹதிக்குப் பரீட்சை என்று வாய் வரைக்கும் வந்தது. எதிரில் நிற்பவளுக்கும் ஒரு மகள் இருப்பதால் அதை விழுங்கிக்கொண்டாள்.

“சரி விடுங்க. கத்திரிக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி போதும். முத்த விட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டு ரம்ஸியா போனாள். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் பத்மா போகவில்லை. போகிற தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை கத்திரிக்காய்கள் முத்துகிற பதத்துக்கு வந்திருந்தன. பறிக்காமல் விட மனசு வரவில்லை. பறித்தாள், எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். பாஸ்கர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

“பார்த்தியா? செடி செத்துப் போச்சு, மண்ணு போச்சுன்னு என்னா ஆர்ப்பாட்டம். எப்படிக் காய்ச்சிருக்கு! நம்ம தோட்டத்துக் காய்தானே?”

“இல்லை. கலீல் பாய் வீட்டுது.”

பாஸ்கரின் கை தட்டில் ஒரு நொடி நின்றது. பிறகு கரண்டியை எடுத்து இன்னும் இரண்டு காய் போட்டுக்கொண்டார்.

“நல்ல ருசி” என்றார்.