அவள் பக்கம் ஸ்டீரிங் இல்லை

வண்டியில் ஏறியதும் ஸ்டார்ட் செய்யமாட்டாள். சாவியைப் பாதி மட்டும் திருப்பி, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஸ்டீரிங்கில் வைத்து, இடமும் வலமும் ஒரு நகக்கண் அளவுக்கு அசைப்பாள். அடுத்த அறையில் யாரோ ரகசியம் பேசுவதை ஒட்டுக்கேட்பதுபோலத் தலை சாய்ந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை என்றால்தான் பக்கத்து இருக்கைக்கு மாறி, கற்க வந்தவரை உட்காரவைப்பாள்.

அந்த டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருஷம். கற்க வரும் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக்கக்கா. டிவி பார்க்கும்போதுகூட அம்மாவின் வலது கால் தரையை மிதிக்கிறது என்று மகள் கேலி செய்வாள்.

ஒரு மாதமாக விரலுக்குக் கீழே 'டக்' என்றது. ஸ்கூல் முதலாளி அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

"மாமா, ஸ்டீரிங் ஷாப்ட்டுல ஜாயின்ட் ரெண்டும் போச்சு. ஷாப்ட்டோட சேத்து மாத்தணும்."

"பதினெட்டு வருஷ வண்டி, முனகத்தான் செய்யும். உங்க அக்காவும்தான் முனகறா, மாத்தவா முடியுது?"

"அக்காவை நம்பி யாரும் வளைவுல திரும்பறதில்ல மாமா."

"வியாழக்கிழமை பத்துப் பேருக்கு டெஸ்ட். வண்டி படுத்துட்டா நீ தோள்ல தூக்கிட்டுப் போவியா?"

"என் பக்கம் பிரேக் இருக்கு, கிளட்ச் இருக்கு. ஸ்டீரிங் இல்ல. அது கழண்டுச்சுன்னா நான் எதைப் பிடிக்கறது, உங்க சட்டையையா?"

"உனக்கு எப்பவுமே பயம்" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை விரித்தார்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பதினோரு வருஷமாக ஊரார் பயத்தையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டவள். அவளுக்கா பயம்?

சாவியை எடுத்தாள். ஓரமாக, நடைவேகத்தில், வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மெக்கானிக் சக்கரங்களை நேராக்கி, ஸ்டீரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டால் கட்டினான். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துப் பக்கம் இறங்கும் தண்டான அந்த ஷாப்ட்டின் இரண்டு நுனியிலும், புதுசை அதே நிலையில் மாட்ட அடையாளமாக, வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுக்கொண்டான். மேல் போல்ட் உடனே வந்தது. கீழ் ஜாயின்ட் துருவில் ஊறிப்போய், அரைமணி நேரம் சுத்தியலிடம் அடிவாங்கிய பிறகே இறங்கியது.

அப்போதுதான் மாமா ஸ்கூட்டரில் வந்து குதித்தார்.

"யாரைக் கேட்டுக் கழட்டின?"

அவள் ஷாப்ட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஜாயின்ட் விழப்போகும் பால்பல்லைப் போல இப்படியும் அப்படியும் ஆடியது.

"இப்பச் சொல்லுங்க மாமா, பயம்னு."

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைப்பதில் மும்முரமானான்.

"சரி சரி, ஊரைக் கூட்டாத. புதுசு போடு" என்றார் மாமா. பிறகு கையை நீட்டினார். "பழசைக் குடு."

"எதுக்கு, ஷோகேஸ்ல வைக்கவா?"

"என் வண்டி, என் சாமான்."

எடுத்துப் போகட்டும், கண்ணில் படும்போதெல்லாம் உறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள். புது ஷாப்ட்டோடு வியாழக்கிழமை பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். விரலுக்குக் கீழே சத்தமே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்கூலின் இன்னொரு வாத்தியார் காய்ச்சலில் படுத்தார். அவருடைய வண்டியை இவள் எடுக்க வேண்டியதாயிற்று. அதே மாடல், அதே நிறம். கற்க வந்த பெண் புது லைசென்ஸ் கனவோடு கதவருகே நிற்க, இவள் இரண்டு விரலை வைத்தாள்.

டக்.

குனிந்து, பெடலுக்கு மேலே போன் வெளிச்சத்தைக் காட்டினாள். துருவின் மேல் அதே வெள்ளைக் கோடு.

"இன்னிக்கு கிளாஸ் இல்லம்மா, வீட்டுக்குப் போ" என்றாள். சாவியை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்கு நடந்தே போனாள்.

"நீதானே மாட்டின?"

அவன் நிமிரவில்லை. "வேணாம்னுதான் சொன்னேன்க்கா. அவர் கேக்கல."

"எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு? ஆடுற சாமான்னு உன் கையாலதானே கழட்டின?"

"ஆமாக்கா." கழிவுத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "ஆனா அதுக்கு இது தேவலைக்கா. அந்த வண்டில முன்ன இருந்தது, கழட்டும்போதே ரெண்டு துண்டா கையில வந்துச்சு."