சித்தி கூட்டிப்போன கடற்கரை

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் சித்தி ஸ்கூட்டியை அணைக்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "கெளம்புடி, பீச்சுக்குப் போயிட்டு வரலாம்." படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடிப்போய் பின்னால் ஏறிக்கொள்வேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை ஒரு தடவைகூட சித்தி அழைத்ததில்லை. அதில் அன்று எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சித்தி அம்மாவின் தங்கை. காரைக்கால் டவுனில் அரசாங்க வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவரும், முதலில் வண்டி ஓட்டிய பெண்ணும் அவர்தான். அவரைப் போல ஆகவேண்டும் என்பதுதான் என் படிப்புக்கே காரணம். அக்கா அம்மாவைக் கொண்டு நல்ல சிவப்பு. நான் அப்பாவைக் கொண்டவள். நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் நின்று அப்பா வாங்கிய வெயிலெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்போதெல்லாம் என் பக்கம் பேசுகிற ஒரே ஆள் சித்தி. "கறுப்பா இருந்தா என்ன, எம் பொண்ணு மொகம் எவ்வளவு களையா இருக்கு பாருங்க" என்பார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், நான் கைவைத்த ரோஸ் நிறத்தை மெல்ல ஒதுக்கி, "இது ஒனக்கு எடுக்காதுடி" என்று வேறொன்றைக் காட்டுவார். விசேஷங்களில் போட்டோ எடுக்கும்போது, "அக்கா பக்கத்துல நின்னா நீ டல்லாத் தெரிவ, கொஞ்சம் பின்னால வா" என்று தோளைத் தொட்டு நகர்த்துவார். தொடுகையில் அவ்வளவு பரிவு இருக்கும். நானும் நகர்ந்துகொள்வேன். என் அழகில் இவ்வளவு அக்கறை காட்ட வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடற்கரையில் சித்தி வேறு ஆளாகிவிடுவார். செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நிற்பார். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் படகுகள் திரும்பி வருவதைக் காட்டுவார். ஆபீசில் தன்னைவிடச் சின்னவர்களான ஆண்கள் தன்னிடம் டீ சொல்லச் சொன்ன கதையையும், தான் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்ததையும் சொல்வார். "பொம்பளைன்னா எளக்காரமா நெனப்பாங்கடி. நாமதான் எடம் குடுக்கக் கூடாது" என்பார். மிளகாய் பஜ்ஜியும் ஐஸ்கிரீமும் வாங்கித் தருவார். நான் போதும் போகலாம் என்றாலும் விடமாட்டார். விளக்கு போட்ட பிறகுதான் வண்டியைத் திருப்புவார்.

வீடு திரும்பினால் கூடத்தில் கேசரி வாசனை அடிக்கும். அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்து தலைப்பூவைக் கழற்றிக்கொண்டிருப்பாள். "திடீர்னு வந்துட்டாங்கடி பொண்ணு பாக்க. நீ இல்லாமப் போயிட்ட" என்று அம்மா சொல்வார். மிஞ்சிய கேசரியைச் சாப்பிட்டபடி, வந்தவர்கள் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று அக்காவைக் குடைவேன். ஒவ்வொரு முறையும் திடீரென்றுதான் வந்தார்கள். கேசரி செய்யவும், பூ வாங்கவும், பட்டுப்புடவை மடிப்பு வைக்கவும் நேரம் இருந்தது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

போன வருஷம் அக்கா மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா வீடு இப்போது திருமலைராயன்பட்டினத்தில். நான் பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, அம்மாவையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அச்சு அசல் என்னைப் போலத்தான் இருப்பாள். அடுப்படியில் நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது சித்தி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அதே சுறுசுறுப்பு. என் மகளின் கையைப் பிடித்து, "வாடி தங்கம், நாம ரெண்டு பேரும் பீச்சுக்குப் போயிட்டு வருவோம். ஆட்டோ சொல்லியிருக்கேன்" என்றார்.

"இப்ப எதுக்கு சின்ன அம்மாச்சி பீச்சு? அவங்கல்லாம் வரப் போறாங்க, நான் பாக்க வேணாமா?"

"அவங்க போன பெறவு வந்துடலாம். ஒங்கம்மாவக் கேளு, அவள எத்தன தடவ கூட்டிட்டுப் போயிருக்கேன்னு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு ரகசியத்தைப் பற்றிச் சிரிப்பதுபோல, எனக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும் என்ற நினைப்பில் சிரித்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனேன்.

"அக்காவப் பாக்க வந்தப்பல்லாம்தான் என்னைய கூட்டிட்டுப் போனீங்களா சித்தி?"

"பின்ன? ஒங்கம்மா மொத நாளே போன் பண்ணிச் சொல்லிடுவா." அவர் குரலில் ஒளிவுமறைவே இல்லை. "வர்றவங்க ஒன்னையப் பாத்தா, பொறக்கப்போற புள்ளைங்க நெறம் எப்படி வருமோன்னு யோசிப்பாங்கல்ல? ஒம் முன்னாடியே எதாச்சும் சொல்லிட்டா ஒனக்குத்தான் மனசு நோவும். ஒன் நல்லதுக்குத்தாண்டி செஞ்சேன்."

அப்பா ஞாபகம் வந்தது. அவருக்கும் என் நிறம்தான். அவரை யாரும் கடற்கரைக்கு அனுப்பவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, கூடத்தின் நடு நாற்காலியில் உட்கார்ந்துதான் வந்தவர்களை வரவேற்றிருப்பார். பிள்ளைகளின் நிறம் அவர் வழியாகவும் வரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் ஒரு பெண்ணைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறவள் நான். வெறுப்போடு சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும். பிரியத்தோடு சொன்னதால், இத்தனை வருஷம் அதைப் பிரியமென்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவ எங்கயும் வரல. இங்கதான் இருப்பா" என்றேன்.

"நீ படிச்சவ. பாத்து நடந்துக்க." சித்தியின் முகம் சுருங்கிவிட்டது.

வந்தவர்களுக்கு என் மகள்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார், அப்புறம் அக்கா மகளைப் பார்த்தார். "ஒங்க கூடப்பொறந்தவங்க பொண்ணுங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. என் மகளுக்கு அந்தப் பார்வை புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. சித்தி கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து ஜாதகம் சரியாக அமையவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அது நிஜமாகவும் இருக்கலாம். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். கோபமாகப் பேசவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரு நாள் பொறுத்துக்கிட்டிருக்கக் கூடாதாடி?"

அவளுக்கும் எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்று, சித்தியின் வண்டி தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. போனை வைத்துவிட்டேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அடுப்படிக்குப் போனேன். தரையில் தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்கதான் சித்திக்குப் போன் பண்ணுவீங்களாம்மா?"

அம்மா தலை நிமிரவில்லை. ஒரு கொத்தை உருவி முடித்தார்.

"அதுக்கென்ன இப்ப? நீ சந்தோஷமாத்தானே போயிட்டு வந்த."

உண்மைதான். என் வயதுப் பெண்கள் யாருக்கும் கிடைக்காத சந்தோஷம் அது. எதிரே உட்கார்ந்து, பாதிக் கீரையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.