பிரைமர் பிடிக்காத படகு

சான்லூயி மீனவர் குப்பத்தில் படகுகளுக்கு வண்ணம் தீட்டுபவர் மகெத் கெயே. அவர் வரையும் சிங்கங்களை ஊரே மெச்சும். அவருக்கோ அடியில் மறைந்துபோகும் பிரைமர் என்னும் முதல் பூச்சுதான் பெரிது. மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து அதைப் பூசினால்தான் மேல்வண்ணம் பிடிக்கும். உப்புநீரும் மரம் தின்னும் புழுவும் வெளியே நிற்கும்.

சென்ற ஆண்டு படகு முதலாளி பிரான் செக்கின் புதுப் படகுக்கு அவர் பிரைமர் கலக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மதகுரு ஓதிக் கொடுத்த தண்ணீரையும் புளித்த பாலையும் கடலில் காவலாக இருக்கட்டும் என்று பிரானின் ஆட்கள் படகின் உள்ளும் புறமும் ஊற்றிக் கழுவினார்கள். வெறும் மரம் அத்தனையையும் குடித்தது.

“ரெண்டு நாள் காயட்டும் முதலாளி. ஈர மரத்துல பிரைமர் நிக்காது.”

“கெயே குலத்துக்காரன் ரெண்டு நாள் உக்காந்து என் சோத்தக் காலி பண்ணப் பாக்குறான்!” என்று பிரான் சிரித்தார். கெயே குலத்தாரும் செக் குலத்தாரும் இப்படி விளையாட்டாகச் சீண்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். சிரிப்பு நின்றதும் சொன்னார்: “ஓதுன தண்ணி பட்ட மரத்துக்கு என்னடா பயம்? இன்னைக்கே பூசு. பிரைமரே போடாம அடிக்கவும் ஆள் இருக்கு.”

மகெத் பூசினார். அவர் தம்பி உசேனு அந்தப் படகில் கூலி. ஒன்றும் இல்லாததற்கு இதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

மழைக்காலம் முடிந்ததும் வண்ணம் செதில் செதிலாக உரிந்தது. அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னார் பிரான். மகெத் உரிந்த இடத்தில் ஓர் ஆணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஆணி முழுதும் உள்ளே போயிற்று.

“நாளைக்குப் போகாதடா” என்றார் தம்பியிடம்.

“நான் போகலன்னா வேற ஒருத்தன் போவான்ணே. எம்புள்ளைங்க எதைத் தின்னும்?”

மகெத் பிரானிடம் ஓடி, பலகை உளுத்துப்போனதைச் சொன்னார்.

“எல்லாரும் தாயத்து கட்டித்தானே போறானுங்க?” என்றார் பிரான்.

“ஆளுக்குக் கட்டுனீங்க. பலகைக்கு என்ன கட்டுனீங்க முதலாளி? நீங்க ஒருநாள் ஏறிப் போய்ப் பாருங்களேன்!”

பிரான் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓதிய நீர் ஒரு புழுவைக்கூடத் தடுக்கவில்லை. அதைக் காட்ட மகெத்துக்கு வேறு வழி தெரியவில்லை. கரையில் எல்லோரும் பார்க்கச் சுத்தியலை ஓங்கினார். பலகை ஊறிய ரொட்டியாகப் பிளந்தது. உள்ளே புழுக்கள் நெளிந்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. பிரானின் ஆட்கள் சுத்தியலைப் பிடுங்கினார்கள். ஆனால் முதல் அடி விழுந்தது உசேனுவின் கையிலிருந்து.

“என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேண்ணே!” என்று அழுதபடியே அடித்தான்.

அந்தப் படகு கடலுக்குப் போகவில்லை. மறுநாள் உசேனு வேறொரு முதலாளியின் படகில் ஏறினான். வீங்கிய கண்ணோடு மகெத் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கும் வண்ணம் உரிந்திருந்தது. ஆட்கள் தோள் கொடுத்து அதை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் சுத்தியல் இல்லை.